சந்தைக்குப் பின்னால் ஒரு குஞ்சுக் கடை: எட்டு மாதக் கணக்கு

பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில், தான்லினிலிருந்து சௌக்தான் போகிற ரோட்டில் ஒரு சின்னச் சந்தை. அதன் பின்பக்கம், மீன் கழுவுகிற குழாயைத் தாண்டினால், கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் தீனியும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நம்ம ஆட்கள் பலர் அங்கேதான் வாங்குகிறார்கள். கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. பெயரைப் போட்டு அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் கடைக்குப் பெயர் கிடையாது, கதை மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழிக்குஞ்சு தைரியமாக வாங்கலாம். தண்ணீர்க் குடுவையும் வாங்கலாம். வாத்துக்குஞ்சு வாங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தீனியை மழைக்காலத்தில் அங்கே தொடவே வேண்டாம்.

நான் காலையில் வீட்டு வாசலில் தோசைக் கடை போடுகிறவள். பாதிப் பேர் முட்டை தோசைதான் கேட்பார்கள். முட்டை விலை ஏற ஏற, தோசை விலையையும் ஏற்றினால் ஆள் வராது, ஏற்றாவிட்டால் கையைக் கடிக்கும். பக்கத்திலேயே மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றின அரிசி நூடுல்ஸ், விற்கிற பர்மிய அக்கா இருக்கிறார். அவருக்குக் கோழிமுட்டை ஆகாது, வாத்து முட்டைதான் வேண்டும். மொஹிங்காவின் மேல் வேகவைத்த வாத்து முட்டையை நூல் வைத்து அறுத்து நாலு துண்டு போட்டால்தான் இங்கே அது மொஹிங்கா. "நீ வாத்து வளர்த்தால் முட்டை முழுதும் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, இரண்டு வாழை, ஒரு முருங்கை, மீதி சும்மா கிடக்கிற மண். போதாதா?

போன தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனேன். கடைக்காரர் ஒரு 'செட்' காட்டினார். 6 கோழிக்குஞ்சு, 6 வாத்துக்குஞ்சு, கவிழ்த்து வைக்கிற பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவை ஒன்று, குஞ்சுத் தீனி 2 வீசை. எல்லாம் சேர்த்து 50,000 சாட். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. தமிழ்நாட்டில் பாட்டி காலத்தோடு போன வார்த்தை இங்கே காய்கறிக் கடையில் தினமும் காதில் விழும்.

"இரண்டையும் ஒரே பெட்டியில் வளர்க்கலாமா?" என்று கேட்டேன்.

"யபாதே அன்டி."

"ஒரே தீனியா?"

"யபாதே."

"வாத்து எல்லாம் பெட்டைதானே?"

"யபாதே, யபாதே."

பர்மிய மொழியில் இந்தச் சொல்லுக்குள் 'ஆகும்', 'பரவாயில்லை', 'கவலைப்படாதே', 'எனக்குத் தெரியாது, ஆனால் வாங்கிக்கொள்' எல்லாமே அடங்கும். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கோழிக்குஞ்சுகள் அருமை. நாட்டுக்கோழிக் கலப்பு. கண் தெளிவாக, தொப்புள் நன்றாகக் காய்ந்து, ஆசனவாயில் எச்சம் ஒட்டாமல் இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க விட்டார், முகம் சுளிக்கவில்லை. மந்தமாக நின்ற ஒன்றை நான் காட்டுவதற்கு முன்பே அவரே எடுத்து மாற்றிக் கொடுத்தார். ஆறும் பிழைத்தன. பிறகு ஒன்று செத்தது என் தப்பால், அவர் தப்பால் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டிதான் சரியில்லை. பழைய நூடுல்ஸ் அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள். வாத்துக்குஞ்சுகள் பெட்டியில் இருக்கும்போதே தாள் நனைந்து வழவழ என்று ஆகியிருந்தது. வழுக்குகிற தாளில் நின்றால் குஞ்சுகளின் கால் இரண்டு பக்கமும் விலகிப் போய்விடும். சைக்காவில் (இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு குஞ்சு சறுக்கிக்கொண்டே இருந்தன. அடுத்த முறை போகிறவர்கள் ஒரு பழைய சாக்குத்துணியோ இரண்டு கை உமியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் பெரிய பெட்டி ஒன்றில் உமி பரப்பி, 60 வாட் பல்பு தொங்கவிட்டேன். முதல் வாரம் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி மாதிரி குறைக்கலாம். இதைக் கடைக்காரரும் சரியாகவே சொன்னார். அவர் சொல்லாதது கரண்ட். இந்த ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று குஞ்சுக்குத் தெரியுமா? நவம்பர், டிசம்பர் ராத்திரிகளில் சில்லென்று இருக்கும். பீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, எங்க வீட்டுக்காரருடைய பழைய லுங்கியைச் சுற்றி உள்ளே வைப்பேன். தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சுகளே சொல்லிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். பல்பை விட்டு விலகிப் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம்.

சரி, இப்போது தண்ணீர். கோழியும் வாத்தும் ஒத்துப்போகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒத்துப்போகும். ஒரே பெட்டியில் வளர்ந்த குஞ்சுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் தூங்கின. அவற்றுக்குள் தகராறு கிடையாது. தகராறு முழுவதும் தண்ணீரில்தான்.

செட்டோடு வந்த குடுவை சிவப்பு அடித்தட்டு, வெள்ளை மூடி, ஒன்றரை லிட்டர் பிடிக்கும். பொருளாகப் பார்த்தால் நல்ல பொருள். திருகு இறுக்கமாக உட்காருகிறது, கவிழ்த்தால் ஒழுகுவதில்லை, எட்டு மாதம் வெயிலில் கிடந்தும் விரியவில்லை. ஆனால் அது கோழிக்காகச் செய்தது. தட்டில் தண்ணீர் இரண்டு விரல்கடைதான் நிற்கும். கோழிக்குஞ்சு ஒரு சொட்டு எடுத்து, கழுத்தை நிமிர்த்தி விழுங்கும், அதற்கு இது போதும். வாத்து அப்படி இல்லை. மூக்குத் துவாரம் முழுவதும் தண்ணீரில் முங்கி, உள்ளே ஒட்டின தவிட்டைக் கழுவ வேண்டும். முடிந்தால் கண்ணையும் கழுவும். இல்லாவிட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும், கண் ஓரத்தில் பீளை கட்டும். தீனி தின்னும்போது பக்கத்திலேயே தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்தும் போகும். ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர், இப்படித்தான் அது சாப்பிடும். எங்க வீட்டுக்காரர் சோற்றையும் ரசத்தையும் மாற்றி மாற்றி எடுப்பது மாதிரி.

நான் என்ன செய்தேன், மூக்கு முங்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்தேன். அன்று மத்தியானம் வாத்துக்குஞ்சு ஆறும் உள்ளே இறங்கிவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாய் வாத்திடம் இருக்கிற குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் ஒட்டும், அதனால் நனையாது. கடையில் வாங்கின குஞ்சுக்கு அந்த எண்ணெய் கிடையாது, ஊறிப் போய் நடுங்கும். நான் துணியால் துடைத்து பல்புக்குக் கீழே விட்டுத் திரும்பினால், பேசினில் ஒரு கோழிக்குஞ்சு மிதக்கிறது. எப்போது ஏறினது, எப்படி விழுந்தது, தெரியாது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தத் தப்பு என்னுடையது.

அதற்கப்புறம் கண்டுபிடித்த வழி இது. 5 லிட்டர் பாமாயில் கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, பக்கவாட்டில் வாத்தின் தலை மட்டும் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். ஓட்டையின் விளிம்பைத் தோசைக்கரண்டியைச் சூடு பண்ணி மழுக்கினேன், இல்லாவிட்டால் கழுத்தை அறுக்கும். ஓட்டைக்குக் கீழ் வரை தண்ணீர். தலை போகும், உடம்பு போகாது. கோழிக்குஞ்சுக்கு எட்டாது, அது பாட்டுக்கு அந்தச் சிவப்புக் குடுவையில் குடிக்கும். கேனை வெறுமனே உமியில் வைக்கக் கூடாது. வாத்து குடிப்பதைவிடச் சிந்துவது அதிகம். ஒரு பழைய தட்டில் உடைந்த செங்கல் போட்டு, மேலே கம்பிவலை விரித்து, அதன் மேல் கேன். சிந்துகிற தண்ணீர் வலைக்குக் கீழே போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஈரம்தான் கோழியைக் கொல்லும். ஈர உமியில் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். வாத்து ஈரத்தில் சந்தோஷமாக இருக்கும், அதே ஈரத்தில் கோழிக்குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு, எச்சத்தில் ரத்தம் விட்டு, இரண்டு நாளில் போய்விடும். எனக்கு அப்படி நடக்கவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் இதே செட் வாங்கி எல்லாக் கோழிக்குஞ்சும் போயின. செட்டோடு அந்தக் குடுவையைக் கொடுக்கிற கடைக்காரர் கூடவே ஒரு பழைய எண்ணெய்க் கேனையும் வெட்டிக் கொடுத்தால் அவருக்கு என்ன செலவு?

மூன்றாவது வாரத்தில் இன்னொரு விஷயம். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம்மில் சொல்வார்கள். வாத்து மிதித்தால்? வாத்துக்குஞ்சு வளர்கிற வேகம் பயங்கரம். மூன்று வாரத்தில் கோழிக்குஞ்சைவிட இரண்டு மடங்கு ஆகிவிட்டன, கால் தட்டையாகப் பலகை மாதிரி. பயந்து ஓடினால் எதிரே யார் என்று பார்ப்பதில்லை. ராத்திரி எலி ஓடின சத்தத்தில் ஆறும் ஒரே மூலைக்குப் பாய்ந்தன, அந்த மூலையில் கோழிக்குஞ்சுகள். நல்லவேளை, ஒன்றுக்குக் கொஞ்ச நாள் நொண்டலோடு போயிற்று. மறுநாளே நடுவில் மூங்கில் தட்டி வைத்துப் பிரித்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கலாம், மிதிக்க முடியாது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வாத்துக்குஞ்சு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எழுந்தாலும் முட்டி வெளிப்பக்கம் வளைந்து, பின்னங்கால் தரையில் பட, குடித்தவன் மாதிரி நடந்தது. செய்தித்தாளில் சறுக்கின குஞ்சுகளில் ஒன்றுதான் இது என்று நினைத்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏசின் என்கிற ஊரில் கால்நடை மருத்துவம் படித்த என் அண்ணன் மகன் புது வருஷத்துக்கு வந்தான். பார்த்ததும், "அத்தை, இது கால் பிரச்சினை இல்லை, தீனிப் பிரச்சினை" என்றான். அவன் சொன்னது இதுதான். வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்கிற வைட்டமின் நிறைய வேண்டும். ஒரு கிலோ தீனியில் 55 மில்லிகிராம் அளவுக்கு இருக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அதில் பாதி, கொஞ்சம் கூட இருந்தால் போதும். கோழித் தீனியை மட்டும் தின்கிற வாத்துக்குஞ்சுக்குக் கால் வளைவது இதனால்தான். தவிட்டில் இந்தச் சத்து இருந்தாலும் பெரும்பகுதி உடம்பில் சேராது.

மருந்து என்ன தெரியுமா? ஈஸ்ட். பீர் காய்ச்சுகிற ஈஸ்டைக் காய வைத்து மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். அதைப் பொடித்துத் தீனியில் பிசறி வைத்தேன், அதோடு தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் சிரப் கொஞ்சம். பத்து நாளில் எழுந்து நடந்தது. முட்டி இன்னும் லேசாக வளைந்துதான் இருக்கிறது, அதனால் வீட்டில் அதற்கு 'நொண்டி' என்றே பெயர். "ஒரே தீனியா" என்று கேட்டதற்கு "யபாதே" என்றாரே, அதில் பாதிதான் உண்மை. ஒரே தீனி கொடுக்கலாம், ஈஸ்ட் சேர்த்து. கோழிக்கும் அதனால் கெடுதல் இல்லை.

அண்ணன் மகன் இன்னொன்றும் செய்தான். "எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு" என்று கடைக்காரர் சொன்னதை அவன் நம்பவில்லை. சீட்டு எதுவும் இல்லையே. வெள்ளைக்கழிச்சலுக்குச் சூடு தாங்குகிற ஐ-2 மருந்து இருக்கிறது, கோழிக்குக் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும், ஊசியே வேண்டாம். அதை வாங்கி வந்து ஐந்து கோழிக்கும் விட்டான். வாத்துக்கு அந்த நோய் அவ்வளவாக வராது, வந்தாலும் வெளியே தெரியாமல் சுமக்கும் என்றான். பறவைக் காய்ச்சலும் அப்படித்தானாம். 2006 மார்ச்சில் மண்டலே பக்கம் அது முதல் தடவை வந்தபோது கோழிகளை அழித்தது என் மாமியாருக்கு நன்றாக நினைவு இருக்கிறது. வாத்து திடமாக நடந்துகொண்டே கிருமியைக் கோழிக்குக் கொடுத்துவிடும். அதனால் என் வாத்துகள் பொதுக் குளத்துக்குப் போவதில்லை. குளிப்பதற்கு வீட்டிலேயே சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை முருங்கைக்குக் கொட்டுகிறேன். முருங்கை இந்த வருஷம் காய்த்த காய்ப்பு தெருவுக்கே பங்கு.

அடுத்தது பெரிய புகார். ஆறும் பெட்டை என்றுதான் வாங்கினேன். ஏழாவது வாரத்தில் சத்தம் மாறியது. பெட்டை வாத்து கணீரென்று கத்தும், தெருக்கோடி வரை கேட்கும். ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டின மாதிரி கரகரவென்று காற்றுதான் வரும். என் வீட்டில் ரெண்டுதான் கத்தின. மற்ற நாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி. சளி என்று நினைத்து நான் துளசி கஷாயம் வைத்தேன், சிரிக்காதீர்கள். மாமியார்தான் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அடியே, அது சளியில்லை, ஆம்பளை" என்றார். நாலு மாதம் ஆனபோது அந்த நாலுக்கும் வாலில் ஒரு இறகு மேலே சுருண்டு நின்றது. அதற்குப் பிறகு சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆண் வாத்து நாலு, பெட்டை இரண்டு. ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது வேண்டும். இல்லாவிட்டால் அவை சும்மா இருக்காது, கோழி மேல் ஏறும். இதை வாத்து, கோழி சேர்த்து வளர்க்க நினைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேவலுக்கு வெளியே நீள்கிற உறுப்பு கிடையாது. ஆண் வாத்துக்கு உண்டு. கோழியின் உடம்பு அதற்கு ஏற்றதில்லை, உள்ளே கிழிந்து செத்தே போகும். என் விடைக்கோழிகளில் ஒன்றை இரண்டு ஆண் வாத்து சேர்ந்து துரத்தி, கழுத்து இறகைப் பிய்த்து, முதுகுத் தோலைக் கிழித்துவிட்டன. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவி, பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூன்று வாரம் தனியாக வைத்தேன். பிழைத்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் வாத்துச் சத்தம் கேட்டாலே பஞ்சாரத்தின் அடியில் போய் நிற்கும்.

கடைக்காரரிடம் போனேன். கையோடு ஓர் ஆண் வாத்தையும் சாக்கில் கட்டி எடுத்துப் போனேன், சாட்சி. அவர் வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவரும் பொரிப்பகத்திலிருந்து மொத்தமாக வாங்குகிறவர்தான், 'பெட்டை' என்று அவரிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். குஞ்சாக இருக்கும்போது ஆசனவாயைத் திறந்து பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும், அதற்குப் பழகின கை வேண்டும். அது சரி. அப்படியானால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே? பணம் திரும்ப வரவில்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு வீசை குருணையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று ஆணை திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் ஒரு சீனர் உணவுக் கடைக்கு விற்றேன், விலை நன்றாகவே வந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதுவும் இரண்டு பெட்டை வாத்தும் ஒரு தடுப்பில், கோழிகள் இன்னொரு தடுப்பில்.

தீனிக்கு வருகிறேன். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக வீசைக் கணக்கில் கட்டிக் கொடுப்பார். சீட்டு இல்லை, தேதி இல்லை. பனிக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை, வாசனையாகத்தான் இருந்தது. மே பாதியில் மழை பிடித்தது. ஜூனில் கடலைப் பிண்ணாக்கு ஒரு வீசை வாங்கி வீட்டில் உடைத்துப் பார்த்தால், நடுவில் பச்சைப் பச்சையாகப் புள்ளி. மூக்கில் வைத்தால் மூடி வைத்த பழைய பெட்டி வாடை. என் மாமியார் வாங்கி ஒரு தடவை முகர்ந்தார், நேராகக் குப்பைக் குழியில் எறிந்தார். "வாத்துக்கு இதைக் காட்டாதே" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பேர் தெரியாது, அனுபவம். பேர் அஃப்ளாடாக்ஸின், பூஞ்சணம் உண்டாக்குகிற விஷம். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீனி தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுப் பறவைகளில் அந்த விஷத்தைக் கொஞ்சமும் தாங்காதது வாத்துக்குஞ்சு. கோழி தின்று பிழைக்கிற அளவில் வாத்துக்குஞ்சு ஈரல் கெட்டுச் செத்துவிடும். கடைக்காரரிடம் சொன்னதற்கு வெயிலில் காயப் போட்டால் போதும் என்றார். காயப் போட்டால் பூஞ்சணம் மேற்கொண்டு வளராது, ஏற்கெனவே ஊறின விஷம் போகாது.

இப்போது அங்கே தீனி வாங்குவதில்லை. அரிசி ஆலையில் அன்றன்று வருகிற தவிடும் குருணையும் நேராக வாங்கிக்கொள்கிறேன். பால் டின் அளவில்தான் அளப்பேன்: குருணை மூன்று, தவிடு இரண்டு, கருவாட்டுத் தூள் அரை. வயல் நத்தை கிடைத்தால் ஓட்டை நசுக்கி வாத்துக்குப் போடுவேன், பாய்ந்து வரும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே. முட்டையிடுகிறவைகளுக்குக் கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் இருக்கும், வேண்டியது வேண்டியதைத் தின்னட்டும். முட்டைக்கோழித் தீனி மூட்டையை வளர்கிற குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோழி கம்பில் ஏறித் தூங்கும், வாத்து தரையில். கம்புக்கு நேர் கீழே வாத்துக்கு இடம் விட்டால் விடிந்ததும் வாத்தின் முதுகு முழுவதும் எச்சம். என் கூட்டில் கம்பு பின்பக்கம், வாத்து முன்பக்கம், நடுவில் தட்டி, மேலே கூரைக்கு டனி என்கிற பனை வகை ஓலை. வாத்து விடியற்காலையில் முட்டையிடும், அதுவும் நின்ற இடத்தில். எட்டு மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டையைத் தொட்டியிலும் வாழைக்கு அடியிலும் தேட வேண்டியதுதான். எனக்கு எட்டு மணி வரை தோசைக்கல்லை விட்டு நகர முடியாது, அதனால் அது தானாகவே பொருந்திவிட்டது.

கணக்கு: நாலு பெட்டைக்கோழி, ஒரு சேவல், இரண்டு பெட்டை வாத்து, ஓர் ஆண் வாத்து. வாரத்துக்குக் கோழிமுட்டை 14, 15. வாத்து முட்டை 10, 11. கோழிமுட்டை தோசைக்குப் பாதிகூடக் காணாது, உண்மையைச் சொல்ல வேண்டும். வாத்து முட்டை மொஹிங்கா அக்காவுக்கு ஒரு காலை நேரத்துக்குக்கூட ஆகாது. ஆறும் பெட்டையாக இருந்திருந்தால் கதை வேறு. அக்கா என்னைப் பார்த்து, "அந்த நாலு ஆம்பளையும் என்ன ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்.

இரண்டாவது தடவை வாத்துக்குஞ்சு வாங்க அந்தக் கடைக்குப் போகவில்லை. முதுகு கிழிந்து பிழைத்ததே, அந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. மாமியார் அதன் கீழே வாத்து முட்டை ஏழு வைத்தார். கோழிமுட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. கோழி ஒரு வாரம் அதிகமாக உட்கார வேண்டும், சிலது பாதியில் எழுந்து போய்விடும். வாத்து முட்டைக்கு ஈரமும் கொஞ்சம் வேண்டும் என்று, கடைசி நாட்களில் கோழி தீனிக்கு எழுந்து போகிற நேரத்தில் மாமியார் விரலால் தண்ணீரைத் தொட்டுத் தெளிக்கிறார். குஞ்சு பொரிந்து தொட்டிக்குள் இறங்கும்போது கோழி கரையில் நின்று குதிக்குமாம், சௌக்தான் வயலில் அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இன்றைக்கு 24-ஆம் நாள். கோழி எழவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நொண்டி கத்துகிறது, கோழி கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறது.